பட்டம் கட்டும் மேசையில் ஓர் அடி

எட்டு மணி நேரம் யார் மீதும் கை ஓங்காமல் இருக்க வேண்டும். என் மகள் எனக்கு வைத்த நிபந்தனை அது. அவள் வேலை செய்யும் ஒரு விழாவில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. அப்படி இருந்து காட்டினால், கோலா கெத்திலில் சித்தி வீட்டில் இருப்பவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இல்லையென்றால் இல்லை. என்னிடம் நேரில் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

அவ்வளவு மோசமான ஆளா நான் என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். பாடாங் மேஹா பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எண்ணெய் ஆலை வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் முன்னால் புகுந்த ஒருவனின் இரண்டு பல் என் கையால் போயிருக்கிறது. அந்தப் பல் கிழித்த தழும்பு இன்னும் என் விரல் முட்டியில் இருக்கிறது. அதை நான் பலரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். லோரிக்காரர்கள் கூட்டத்தில் அந்தத் தழும்புக்கு ஒரு மரியாதை உண்டு.

மகளை அடித்தது வேறு கதை. அவளுக்கு இருபது வயது. சுங்கைப் பட்டாணியில் கல்லூரி, அதோடு வாரம் இரண்டு நாள் கொரிய மொழி வகுப்பு. ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து யாரோ ஒரு பையனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். நான் லோரி கழுவிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது ரப்பர் குழாய். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோளில் விழுந்த முதல் அடிக்கு அவள் கத்தினாள். அதற்குப் பிறகு கத்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டு பேரும் நனைந்திருந்தோம். மறுநாள் காலை அவள் அறையில் துணி இல்லை.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அடி ஒன்றும் பெரிய விஷயமில்லை. அங்கே அடிக்கு ஒரு முறையே இருந்தது. உன் பிள்ளை மீது யாராவது புகார் சொல்லி வந்தால், வந்தவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் உன் பிள்ளையை நீயே அவர் கண் முன்னால் வெளுத்துவிட வேண்டும். நான் பந்தடித்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சன்னலை உடைத்தபோது என் அப்பா என்னை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு முற்றத்திலேயே போட்டு அடித்தார். என் உதடு கிழிந்தது. கிராணி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "விடுய்யா, பச்சப் புள்ளய கொன்னுடுவ போல" என்றார். சன்னலைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. புகார் சொன்னவரே காப்பாற்ற வந்துவிட்டால் புகார் செத்துப் போகும். முதல் அடி நிஜமாக விழ வேண்டும். இரண்டாவது அடியைக் கொஞ்சம் மெதுவாக ஓங்க வேண்டும், வந்து பிடிப்பவருக்கு நேரம் கொடுக்க வேண்டுமல்லவா. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சரி, விழாவுக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் கொரியக் கலாசார நாள். மகளின் கொரிய ஆசிரியைதான் முன்னின்று நடத்தினார். ஐம்பது வயதிருக்கும், என் தோள் உயரம்கூட இல்லாத அம்மாள், மெதுவாக மலாய் பேசுவார். காகித விசிறி செய்ய ஒரு மேசை, நூலில் அலங்கார முடிச்சுப் போட ஒரு மேசை, கொரிய எழுத்தில் பெயர் எழுத ஒரு மேசை. பட்டம் கட்டும் மேசை என் மகளுடையது. பட்டத்துக்கு மூங்கில் குச்சி வேண்டும். மூங்கில் பிளக்கத் தெரிந்த தொண்டூழியர் யாரும் அவர்களிடம் இல்லை. எனக்குப் பாராங் கத்தி பிடிக்கத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்னைக் கூப்பிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். என் மனைவியிடம் கேட்டேன். "அவளுக்கு உங்களக் கூப்புட ஒரு சாக்கு வேணும்லா" என்றாள்.

அன்று காலை மகள் கொரிய உடையில் நின்றாள். தரை வரைக்கும் விரிந்த பச்சைப் பாவாடை, குட்டையான மஞ்சள் சட்டை, நெஞ்சில் நீளமாகத் தொங்கும் நாடா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

"எப்படிப்பா இருக்கு?"

"பொங்கலுக்குக் கட்டுன தோரணம் மாதிரி இருக்க."

"கோவம் வந்தா என்ன பண்ணணும்?"

"வெளிய போயி நிக்கணும்."

"கைய?"

"பாக்கெட்ல வெக்கணும்."

பக்கத்தில் நின்ற அவள் தோழிகள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கே எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. என் மகள் என்னைக் கிண்டல் செய்கிறாள், அதாவது என் பக்கத்தில் நிற்க அவளுக்குப் பயமில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

பட்டம் நம் ஊர்ப் பட்டம் மாதிரி இல்லை. நீள்சதுரம், நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. மரப்பட்டையில் செய்த தாளில் ஐந்து குச்சிகளை ஒட்ட வேண்டும். கடைசியில் மேல் குச்சியை வில்லாக வளைத்து இரண்டு முனைக்கும் நூல் கட்ட வேண்டும். அந்த மேல் குச்சிதான் சிக்கல். மெலிதாகச் சீவி, கணுவே இல்லாத துண்டாகப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியை எனக்கு முந்தைய வாரமே செய்து காட்டியிருந்தார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் நூலில் கண்ணாடித் தூள் பூசி, ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுத்து விளையாடுவார்களாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு அந்த நாட்டு மக்கள் மீது மரியாதையே வந்தது. மகள் பார்க்கும் தொடர்களில் அவர்கள் ஆண்பிள்ளைகள் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பார்கள்.

மதியம் வரைக்கும் நான் தங்கமான மனிதன். ஒரு குடிகாரன் வாசலில் வண்டியை என் லோரிக்குக் குறுக்கே நிறுத்தினான், கையைப் பாக்கெட்டில் வைத்தேன். ஒருவன் மகளின் உடையைப் பார்த்து ஏதோ சொல்லி விசிலடித்தான். அவன் குரல்வளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று என் கை தானாக அளந்தது. இடுப்பில் பாராங் இருந்தது. வெளியே போய் மரத்தடியில் நின்று, அந்த மரத்தை நாலு குத்துக் குத்திவிட்டு வந்தேன். விரல் முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. மரத்தை அடிக்கக் கூடாது என்று நிபந்தனையில் இல்லை.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இரண்டு மணிக்கெல்லாம் குச்சி தீர்ந்துவிட்டது. மகள் ஓடிவந்து இன்னும் ஒரு கட்டு வேண்டும் என்றாள். வேகமாகப் பிளந்தேன். புகை பிடித்து வெகு நேரமாயிற்று, வாய் நமநமவென்று இருந்தது. மிச்சமிருந்த மூங்கிலில் பாதிக்கு மேல் கணு. போதும் போ என்று சீவிப் போட்டேன்.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சாச்சாப்பா?"

"ஆச்சு, ஆச்சு. எடுத்துட்டுப் போ."

தேய்க்கவில்லை. அவள் கட்டை வாங்கிக்கொண்டு போனாள். நான் பின்பக்கம் போய் சிகரெட் பற்றவைத்தேன்.

அலறல் கேட்டது. சாதாரணமாகப் பிள்ளைகள் கத்தும் கத்தல் இல்லை. ஓடினேன். பட்ட மேசையில் ஒரு சிறுமி, ஏழு வயது இருக்கும், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு துடித்தாள். விரல் இடுக்கு வழியே ரத்தம் வழிந்து வெள்ளைத் தாளில் சொட்டியது. மேல் குச்சியை வளைத்திருக்கிறாள், அது கணுவில் ஒடிந்து சிம்பு தெறித்து முகத்தில் பாய்ந்திருக்கிறது. "கண்ணு போச்சு, கண்ணு போச்சு" என்று யாரோ கத்தினார்கள். என் மகள் தரையில் மண்டியிட்டுச் சிறுமியின் கையை விலக்கப் பார்த்தாள். பச்சைப் பாவாடையிலும் ரத்தம்.

சிறுமியின் அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். எனக்கு அவரைத் தெரியும். சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். நல்ல உயரம், என்னைவிட அகலம். அவர் கடை மீன் குழம்பை நான் வாரம் ஒரு முறையாவது சாப்பிடுவேன். அவர் மேசையை ஓர் உதை விட்டார். பசைக் கிண்ணமும் தாள்களும் பறந்தன. என் மகளின் சட்டை நாடாவைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நாடா கிழிந்தது.

"யாரு இந்தக் குச்சிய செஞ்சது? யாரு செஞ்சது, சொல்லு!"

 மகளின் குரல் நடுங்கவில்லை. "இது என் மேசைதான் அங்கிள். நான்தான் பொறுப்பு. மன்னிச்சிருங்க, மொதல்ல பாப்பாவ கிளினிக் கொண்டு போவோம்."

என் காலடியில் அந்தக் குச்சி கிடந்தது. குனிந்து எடுத்தேன். கணு அப்படியே இருந்தது, பச்சைத் தோல்கூடச் சீவப்படவில்லை. அதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். மகளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

அவர் கை இன்னும் அவள் சட்டையில் இருந்தது. என் உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது. அவரை அடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் ஓடியது. அவர் விழுவார், எழுவார், கடை ஆட்கள் வருவார்கள், பாராங் வெளியே வரும், போலீஸ் வரும், யாராவது ஒருவர் சாவோம். மகளுக்குக் கொடுத்த வாக்கும் போகும். அடிக்கக் கூடாது, அவரை மட்டும் அடிக்கக் கூடாது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு மகளின் கன்னத்தில் அறைந்தேன்.

நிஜ அடி. அவள் தலை திரும்பி, கொண்டையில் செருகியிருந்த கொரிய ஊசி தெறித்து எங்கோ விழுந்தது. உதட்டோரம் ரத்தம். "வேலைய ஒழுங்கா பாக்கத் தெரியாது, உனக்கெல்லாம் எதுக்குடி இந்த வேஷம்!" என்று கத்தினேன். இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினேன், கொஞ்சம் மெதுவாக.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணே! அண்ணே, விடுங்கண்ணே! வயசுப் புள்ளய இப்படி அடிக்கலாமா? தெரியாம நடந்தது, விடுங்க லா."

நான் திமிறினேன். "நீங்க விடுங்க, இவள இன்னிக்கி..."

"அல்லாவுக்காக விடுங்கண்ணே."

கையைத் தளர்த்தினேன். அவர் கண்ணில் இருந்த வெறி இறங்கிவிட்டது. தன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தைத் துடைத்துப் பார்த்தார்கள், சிம்பு புருவத்துக்குக் கீழேதான் கிழித்திருந்தது, கண் நன்றாகத்தான் இருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோனார். எங்கள் தோட்டத்தில் நடப்பது போலவே எல்லாம் நடந்து முடிந்தது. அடிதடி இல்லை, போலீஸ் இல்லை. நான் அந்த மனிதரை அடிக்காமல் விட்டதை நினைத்து எனக்கே என் மீது கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் மகள் இல்லை. எனக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நடுவில் அந்தக் கொரிய ஆசிரியை நின்றார். இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார். "ஜாங்ஙான், பாக்சிக். ஜாங்ஙான்." வேண்டாம் ஐயா, வேண்டாம் என்றுதான் மலாயில் சொன்னார். அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் நகரவில்லை. என்னைப் பார்த்துத்தான் இவ்வளவு பயப்படுகிறார் என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. சுற்றி அறுபது எழுபது பேர் இருந்தார்கள். குழந்தைகளைத் தாய்மார்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தார்கள்.

மகள் கட்டடத்தின் பின்னால், குழாயடியில் இருந்தாள். கன்னத்தில் என் நாலு விரலும் தெரிந்தன. கிழிந்த நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சித்திக்குப் போன் செய்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

"அந்த ஆளு உன்ன அடிச்சிருப்பான்மா" என்றேன். "அதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். உன்னக் காப்பாத்தத்தான்..."

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவப்பாகப் போயிற்று.

"அவரு யாரு செஞ்சதுன்னு கேட்டப்போ நான் உங்களக் காட்டிக் குடுக்கல. நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னேன். குச்சிய எடுத்தீங்க, பாத்தீங்க. இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு நின்னேம்பா."

"சொல்லியிருந்தா பெரிய சண்டையாயிருக்கும்."

"நீங்க எந்தச் சண்டைக்குப்பா பயந்திருக்கீங்க?"

 ஆலை வாசலில் பல்லை உடைத்தவன் நான். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் முன்னால், நிறைந்த கூட்டத்தில், தப்பு என்னுடையது என்று நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மகளை அடிக்க இருந்தது. சித்தியின் கார் வந்தது. அவள் ஏறும்போது நான் கதவைப் பிடிக்கக் கையை நீட்டினேன், சித்தி கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டாள். அப்போது மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தில் யாரோ எடுத்த படம் ஏற்கெனவே அவள் கைபேசிக்கு வந்துவிட்டது. சுவரில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினேன், அவள் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. லோரியை எடுத்தால் வேகம், நிறுத்தினால் எரிச்சல். என்னை யாராவது வம்புக்கு இழுத்து நன்றாக உதைக்க மாட்டார்களா என்றிருந்தது. ஆலை வாசல் வரிசையில் வேண்டுமென்றே ஒருவனுக்கு முன்னால் புகுந்தேன். அவன் என் தழும்பைப் பற்றிக் கேள்விப்பட்டவன் போலிருக்கிறது, வழி விட்டுவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். மதியக் கூட்டம் முடிந்து கடை காலியாகும் வரைக்கும் லோரியிலேயே காத்திருந்தேன். பிறகு உள்ளே போய், தனியாகப் பேச வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டேன். கடைக்குப் பின்னால் மங்கு, தட்டு கழுவும் இடத்துக்குப் போனோம். பிள்ளையின் காயம் ஆறிவிட்டது, இரண்டு தையல்தான் என்றார்.

"பாய், அந்தக் குச்சிய சீவுனது நான். தேய்க்காம குடுத்தது நான். எம்பொண்ணு மேல தப்பில்ல. அடிக்கணும்னா அடிங்க, நான் திருப்பிக் கைய ஓங்க மாட்டேன்."

 அவர் முகம் சிவந்தது. ஒரு கை முஷ்டியானதை நான் பார்த்தேன், உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடிக்கட்டும். ஆனால் அவர் பெருமூச்சு விட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்ணே. இப்ப எதுக்கு? வாங்க, வந்து சாப்புடுங்க."

தட்டு நிறையச் சோறு போட்டு, மீன் தலையை வைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். என்னால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. அவர் மன்னித்ததைத் தாங்குவதைவிட என் பல் இரண்டு போயிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

வெளியே வந்து லோரியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன். விழாவுக்குப் பிறகு அவள் என் அழைப்பை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"கடைக்குப் போனேம்மா. குச்சி நான் சீவுனதுதான்னு சொல்லிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்."

 "நெசமாவாப்பா?" என்றாள். குரல் இளகியிருந்தது. வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"நெசமா. அடிங்கன்னு நின்னேன். அவரு அடிக்கல, சோறு போட்டாரு."

"கடையில யாரெல்லாம் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. பின்னால மங்கு கழுவற எடத்துல வெச்சுத்தான் சொன்னேன். அவரும் நானும் மட்டுந்தான்."



"என்ன அடிச்சப்போ எத்தன பேரு இருந்தாங்கப்பா?"

அறுபது எழுபது பேர் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வேன் என்று இந்தத் தடவை அவள் நின்று காத்திருக்கவில்லை, போனை வைத்துவிட்டாள்.